மதிப்பெண் 34 என்றால் நோயா? மன விலகல் சுயசோதனைகளை எப்படிப் புரிந்துகொள்வது

டிசோசியேஷன், அதாவது மன விலகல், பற்றிய பேச்சு சமீப ஆண்டுகளில் பெருகிவிட்டது. கூடவே அதற்கான சுயசோதனைகளும் பரவியிருக்கின்றன. இருபத்தெட்டு கேள்விகள், பத்து நிமிடம், முடிவில் ஓர் எண். 34 வந்தவர் தனக்குள் பல ஆளுமைகள் இருப்பதாகப் பயந்துபோய் இரவெல்லாம் தேடிப் படிக்கிறார். 12 வந்தவரோ, மாதக்கணக்காகத் தன்னை வாட்டும் நினைவு இடைவெளிகளைப் பற்றி, “எல்லாம் என் கற்பனைதான் போலிருக்கிறது” என்று வாயை மூடிக்கொள்கிறார். இருவருமே தவறான முடிவுக்கு வந்திருக்கலாம். இரண்டாமவரை நினைத்தால்தான் எனக்கு அதிகக் கவலை.

சோதனைகள் மோசமானவை என்று சொல்ல வரவில்லை. அவற்றில் சில பல ஆண்டு ஆய்வில் தேறி வந்தவை. ஆனால் அவை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உருவானவை என்பது தெரியாமல் அந்த எண்ணைப் படித்தால், அது நம்மைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். எண்ணைவிட, எந்தெந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று சொன்னோம் என்பதே முக்கியம். ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், டிசோசியேஷன் என்றால் என்ன?

சாதாரணமாக நம் நினைவு, கவனம், உணர்ச்சி, உடலைப் பற்றிய உணர்வு, ‘நான் இன்னார்’ என்ற எண்ணம் எல்லாம் ஒன்றோடொன்று பின்னி ஓடிக்கொண்டிருக்கும். காலையில் பேசியது நான்தான், அதை இப்போது நினைத்துப் பார்ப்பதும் நான்தான், இந்தக் கை என்னுடையதுதான் என்பதையெல்லாம் நாம் யோசித்துத் தெரிந்துகொள்வதில்லை. அது தானாகவே நடக்கிறது. இந்தப் பின்னலில் ஓர் இழை மற்றவற்றோடு சேராமல் தனியே விலகி நிற்பதைத்தான் டிசோசியேஷன் என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் அதை ‘மன விலகல்’ என்று குறிப்பிடுகிறேன். பிரெஞ்சு மருத்துவரும் உளவியலாளருமான பியர் ழானே 1889-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். எனவே இது நேற்று முளைத்த பேச்சு இல்லை.

மன விலகலின் மென்மையான வடிவங்கள் எல்லோருக்கும் பழக்கமானவை. பழகிய வழியில் பேருந்தில் போகும்போது நடுவில் நான்கைந்து நிறுத்தங்கள் கடந்ததே தெரியாமல் போகிறது. கதைப் புத்தகத்தில் மூழ்கியிருக்கும்போது யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது காதில் விழுவதில்லை. இதை உள்மூழ்கல் என்று வைத்துக்கொள்வோம். கவனம் ஓரிடத்தில் குவிந்து மற்றவை மங்குகின்றன, அவ்வளவுதான். இதனால் யாருக்கும் சிகிச்சை தேவைப்படுவதில்லை.

அடுத்தது, தன்னைத் தானே வெளியிலிருந்து பார்ப்பது போன்ற உணர்வு. பேசுவது என் வாய்தான், ஆனால் நான் பேசுவது போல இல்லை. கை மரத்துப்போன அந்நியப் பொருள் போல இருக்கிறது. இதற்கு டிபர்சனலைசேஷன் என்று பெயர். சுற்றியுள்ள உலகம் கண்ணாடிக்கு அப்பால் இருப்பது போலவோ, கனவு போலவோ, தட்டையாகவோ தோன்றினால் அது டிரியலைசேஷன். இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். கடும் களைப்பிலும், விபத்துக்குப் பிறகும், பீதி உச்சத்துக்குப் போகும்போதும் நிறையப் பேருக்கு இவை சில நொடிகளோ நிமிடங்களோ வந்து போகும்.

இங்கே ஒரு நுட்பமான விஷயம் உண்டு. பலரைப் பிடித்து ஆட்டும் ஒரு பயத்தை இது போக்கும். டிபர்சனலைசேஷன் உள்ளவர் “என் கை என்னுடையது *போல* இல்லை” என்கிறார். கை தன்னுடையதுதான் என்று அவருக்குத் தெரியும். உலகம் கனவு இல்லை என்றும் தெரியும். உணர்வு மாறியிருக்கிறது, நடப்பு எது என்ற அறிவு மாறவில்லை. ‘பைத்தியம் பிடிக்கிறதோ’ என்று இவர்கள் அஞ்சுவது மிகச் சாதாரணம். ஆனால் இந்த ‘போல’ இருக்கும்வரை, நடப்பையும் கற்பனையையும் பிரித்தறிய முடியாத மனநிலையிலிருந்து இது வேறுபட்டது.

இதற்கும் அப்பால் கனமான வடிவங்கள் உள்ளன. சாதாரண மறதியால் விளக்க முடியாத நினைவு இடைவெளிகள் ஒன்று. தான் யார் என்பதிலேயே ஓயாத குழப்பம் இன்னொன்று. மூன்றாவது, வெவ்வேறு ஆளாகவே மாறிவிட்டது போல நடந்துகொள்வது. இவை அடிக்கடி வந்து வேலையையும் உறவுகளையும் குலைக்கும்போதுதான் மருத்துவர்கள் கோளாறு என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். 2013-இல் வந்த டிஎஸ்எம் 5 என்ற அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூல் இதில் மூன்றை முக்கியமாகக் குறிப்பிடுகிறது: டிசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர் எனப்படும் அடையாள விலகல் கோளாறு, மன விலகலால் வரும் நினைவிழப்பு, டிபர்சனலைசேஷன் - டிரியலைசேஷன் கோளாறு. முன்பு ‘பல ஆளுமைக் கோளாறு’ என்று அழைக்கப்பட்டது இவற்றில் முதலாவதுதான். மன விலகல் என்றதும் எல்லோரும் அதையே நினைக்கிறார்கள். ஆனால் அது இந்தப் பெரிய பரப்பின் ஒரு மூலை மட்டுமே.

இவை ஏன் வருகின்றன? தப்பவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் ஆபத்தில் மாட்டிக்கொள்ளும்போது, அந்த அனுபவத்திலிருந்து மனம் தன்னைத் தூர வைத்துக்கொள்கிறது. சிறுவயதில் திரும்பத் திரும்பக் கொடுமைக்கு ஆளானவர்களிடம் இந்தத் தூரம் ஒரு பழக்கமாகவே படிந்து, ஆபத்து போன பிறகும் தொடரலாம். கனமான மன விலகலுக்கும் சிறுவயதுக் காயங்களுக்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்காக ‘மன விலகல் இருக்கிறது, அப்படியானால் எனக்கு மறந்துபோன ஏதோ ஒரு கொடுமை நடந்திருக்கிறது’ என்று பின்னோக்கிக் கணக்குப் போடக் கூடாது. தூக்கமின்மை, பீதி, சில மருந்துகள், கஞ்சா போன்ற போதைப்பொருள்கள், வலிப்பு நோய் இவையும் அதே உணர்வுகளைத் தரும்.

இதுவரை பார்த்ததன் சாரம்: மன விலகல் என்பது ஒற்றை நோயின் பெயர் இல்லை. புத்தகத்தில் மூழ்குவதிலிருந்து நாட்கணக்கில் நினைவு அழிவது வரை பல விதமான அனுபவங்கள் அந்தப் பெயருக்குள் அடங்குகின்றன. சோதனைகள் இவை எல்லாவற்றையும் ஒரே தாளில் கேட்கின்றன. குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கேள்வித்தாளுக்குள் என்ன இருக்கிறது?

அதிகம் புழங்குவது டிசோசியேட்டிவ் எக்ஸ்பீரியன்சஸ் ஸ்கேல், சுருக்கமாக டிஇஎஸ். ஈவ் பெர்ன்ஸ்டீன் கார்ல்சன், ஃபிராங்க் பட்னம் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1986-இல் வெளியிட்டது. மொத்தம் 28 கேள்விகள். ஒவ்வொன்றும் ஓர் அனுபவத்தை விவரித்து, ‘இது உங்களுக்கு எத்தனை சதவீத நேரம் நடக்கிறது?’ என்று கேட்கும். முதல் வடிவில் ஒரு கோடு போட்டிருக்கும். அதில் ஓரிடத்தில் குறியிட வேண்டும். 1993-இல் வந்த இரண்டாம் வடிவில் 0, 10, 20 என்று 100 வரை எண்கள் இருக்கும். ஒன்றைச் சுற்றி வட்டமிடலாம். இணையத்தில் பெரும்பாலும் நாம் பார்ப்பது இந்த இரண்டாம் வடிவத்தைத்தான். 28 பதில்களையும் கூட்டி 28-ஆல் வகுத்தால் வருவதுதான் மதிப்பெண். அதாவது அது ஒரு சராசரி. ‘34 சதவீதம் நோய்’ என்று சிலர் படிக்கிறார்கள். அப்படி ஒரு பொருள் அதற்குக் கிடையாது.

தாளின் தொடக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கும். மதுவோ போதைப்பொருளோ எடுக்காத நேரத்தில் நடப்பதை மட்டும் மனத்தில் வைத்துப் பதில் சொல்ல வேண்டும் என்பது அது. பலர் இதைப் படிக்காமல் நேரே கேள்விக்குப் போய்விடுகிறார்கள். இணையப் பிரதிகள் சிலவற்றில் இந்தக் குறிப்பே விடுபட்டிருக்கும். குடித்த இரவின் நினைவு இடைவெளியைச் சேர்த்துக்கொண்டால் மதிப்பெண் ஏறும். ஆனால் அந்த ஏற்றம் மன விலகலைப் பற்றி எதையும் சொல்லாது.

வேறு தாள்களும் உண்டு. கேம்பிரிட்ஜ் டிபர்சனலைசேஷன் ஸ்கேல் 29 கேள்விகளால் டிபர்சனலைசேஷனை மட்டும் குறிவைக்கிறது. எத்தனை முறை வந்தது, வந்தால் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று இரண்டையும் தனித்தனியே கேட்கும். எஸ்டிக்யூ 20 என்பது உடல்வழி அறிகுறிகளைக் கேட்பது: காரணம் தெரியாத மரத்துப்போதல், குரல் எழும்பாமல் போதல் போன்றவை. எம்ஐடி என்ற தாளில் 218 கேள்விகள். அவற்றில் ஒரு பகுதி, பதில் சொல்பவர் மிகைப்படுத்துகிறாரா, கவனமின்றி நிரப்புகிறாரா என்று பார்ப்பதற்காகவே சேர்க்கப்பட்டவை. பதின்ம வயதினருக்கு டிஇஎஸ்-இன் தனி வடிவம் இருக்கிறது. பெரியவர்களுக்கான தாளை அவர்களிடம் கொடுத்து வரும் எண்ணை நம்பக் கூடாது. அந்த வயதில் பகல் கனவும், நான் யார் என்ற தேடலும் இயல்பாகவே அதிகம்.

சராசரி எதை மறைக்கிறது?

டிஇஎஸ்-இன் 28 கேள்விகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. ஆனால் கணக்கில் எல்லாவற்றுக்கும் ஒரே எடைதான். இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்வோம்.

ஒருவர் எப்போதும் கற்பனையில் திரிபவர். படம் பார்த்தால் சுற்றியிருப்பதை மறந்துவிடுவார். தனக்குத் தானே பேசிக்கொள்வார். செய்ததா, செய்ய நினைத்ததா என்று குழம்புவார். இப்படிப் பத்து கேள்விகளுக்கு 70 என்று வட்டமிடுகிறார், இன்னும் எட்டு கேள்விகளுக்கு 20. மற்றவற்றுக்கு எல்லாம் 0. மொத்தம் 860, 28-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 31.

மற்றவருக்கு உள்மூழ்கல் எதுவும் இல்லை. ஆனால் எப்படி வந்தோம் என்று தெரியாமல் ஓரிடத்தில் நிற்பது, வாங்கியதாக நினைவே இல்லாத பொருள்கள் தன் பையில் இருப்பது, தெரியாதவர்கள் வேறு பெயர் சொல்லித் தன்னை அழைப்பது ஆகிய மூன்றுக்கும் 80 போடுகிறார். வேறு மூன்று கேள்விகளுக்கு 30. மொத்தம் 330, சராசரி ஏறத்தாழ 12.

பெரும்பாலான ஆய்வுகளில் ‘மேலும் விசாரிக்க வேண்டும்’ என்பதற்கான எல்லைக்கோடு 30. பொதுமக்களின் சராசரி 10-ஐ ஒட்டி இருக்கும். ஆக, எண்ணை மட்டும் பார்த்தால் முதலாமவர் ஆபத்தில் இருக்கிறார், இரண்டாமவர் சாதாரணமானவர். அனுபவமுள்ள மருத்துவர் ஒருவரிடம் இரண்டு தாள்களையும் நீட்டினால், அவர் முதலில் கூப்பிடுவது இரண்டாமவரைத்தான்.

தாளை உருவாக்கியவர்களுக்கும் இது தெரியும். நீல்ஸ் வாலர், பட்னம், கார்ல்சன் மூவரும் 1996-இல் இந்த 28-இலிருந்து எட்டு கேள்விகளைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அதற்கு டிஇஎஸ் டி என்று பெயர். எப்படி வந்தோம் என்று தெரியாமல் ஓரிடத்தில் இருப்பது, நினைவில்லாத பொருள்கள் தன்னிடம் இருப்பது, தன்னை வெளியிலிருந்து பார்ப்பது, நெருங்கியவர்களையே அடையாளம் தெரியாமல் போவது, சுற்றியுள்ளவை மெய்யற்றவையாகத் தோன்றுவது, உடல் தன்னுடையதல்ல என்ற உணர்வு, இரு வேறு ஆட்களைப் போல நடந்துகொள்வது, தலைக்குள் குரல்கள் கேட்பது ஆகியவை அவை. உள்மூழ்கல் கேள்வி ஒன்றுகூட இதில் இல்லை. எல்லோருக்கும் நடப்பதைத் தள்ளிவிட்டு, சாதாரணமாக நடக்காததை மட்டும் பார்ப்பதே இதன் நோக்கம். ஏற்கெனவே சோதனை எழுதியவர்கள் தாளைத் திரும்ப எடுத்து, இந்த எட்டுக்கும் என்ன பதில் சொன்னோம் என்று பார்க்கலாம். மொத்த எண்ணைவிட அது அதிகம் சொல்லும். அதுவும் நோய் இது என்று முடிவு சொல்லிவிடாது. எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று காட்டும்.

சலித்தெடுப்பதும் நோயறிவதும்

இந்தத் தாள்கள் எல்லாம் ஸ்கிரீனிங் சோதனைகள், அதாவது முதற்கட்டச் சோதனைகள். மணலைச் சலிக்கும் சல்லடையை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய துண்டுகள் மேலே தங்கும். தங்கியவற்றில் கல்லும் இருக்கும், களிமண் கட்டியும் இருக்கும், சிப்பியும் இருக்கும். எது எது என்று சல்லடை சொல்லாது. கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை எவை என்று பிரித்துத் தருவதோடு அதன் வேலை முடிந்தது. கையில் எடுத்துப் பார்ப்பதுதான் நோயறிதல். அதை ஒரு மனிதர்தான் செய்ய முடியும்.

சல்லடை எவ்வளவு நல்லது என்று அளக்க இரண்டு அளவுகள் உண்டு. நோய் உண்மையில் இருப்பவர்களில் எத்தனை பேரைச் சோதனை பிடிக்கிறது என்பது சென்சிட்டிவிட்டி. நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்பது ஸ்பெசிஃபிசிட்டி. கார்ல்சன் குழுவினர் 1993-இல், 1,051 பேரை வைத்து டிஇஎஸ்-ஐ ஆராய்ந்தார்கள். அடையாள விலகல் கோளாறைப் பொறுத்தவரை முதல் அளவு ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, இரண்டாவது 80 சதவீதத்தை ஒட்டி வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ‘80 சதவீதம் சரி’ என்றால் 30-ஐத் தாண்டிய நான் 80 சதவீதம் நோயாளிதானே என்று தோன்றும். இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள்.

கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் போடுவோம். ஒரு மனநல மருத்துவமனைக்கு வரும் 1,000 பேரில் 50 பேருக்கு இந்தக் கோளாறு இருப்பதாக வைத்துக்கொள்வோம். சோதனை அவர்களில் நான்கில் மூன்று பங்கை, அதாவது 38 பேரைப் பிடிக்கும். கோளாறு இல்லாத 950 பேரில் 20 சதவீதத்தினரையும், அதாவது 190 பேரையும் தவறாகச் சேர்த்துப் பிடிக்கும். ஆக மொத்தம் 228 பேர் எல்லைக்கோட்டைத் தாண்டுவார்கள். அவர்களில் உண்மையில் கோளாறு உள்ளவர்கள் 38 பேர்தான். ஆறில் ஒருவர்.

இப்போது அதே சோதனையை, கடும் மனக் காயங்களுக்கு மட்டும் சிகிச்சை தரும் ஓரிடத்தில் வைப்போம். அங்கே 1,000 பேரில் 200 பேருக்குக் கோளாறு இருப்பதாகக் கொண்டால், 150 பேர் சரியாகப் பிடிபடுவார்கள், 160 பேர் தவறாக. ஏறத்தாழ இரண்டில் ஒருவர். சோதனை மாறவில்லை, மதிப்பெண்ணும் மாறவில்லை. ஆனால் அதே 34-இன் பொருள் தலைகீழாக மாறிவிட்டது. ஒரு கூட்டத்தில் நோய் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதுதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம். வீட்டில் தனியாக உட்கார்ந்து சோதனை எழுதுபவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று அந்தத் தாளுக்குத் தெரியாது. அதனால்தான் அது தரும் எண்ணை வைத்து ‘எனக்கு இருக்கிறது’ என்று சொல்ல முடியாது.

சரி, தவறாகப் பிடிபட்ட அந்த 190 பேருக்கும் ஒன்றுமே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. அதே 1993 ஆய்வில், வழக்கமான மனநல மருத்துவமனைக்கு வருவோரை ஒத்த குழுவில், 30-க்கு மேல் எடுத்தும் அடையாள விலகல் கோளாறு இல்லாதவர்களில் 61 சதவீதத்தினருக்கு வேறொன்று இருந்தது: மனக் காயத்துக்குப் பின்வரும் அழுத்தக் கோளாறு, அதாவது பிடிஎஸ்டி, அல்லது மன விலகலின் வேறொரு வகை. எனவே உயர்ந்த மதிப்பெண்ணைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், தூக்கிப் போடவும் வேண்டாம். ஏதோ ஒன்று விசாரிக்கப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. அது எது என்றுதான் சொல்லவில்லை.

சுருக்கமாக: சோதனை நல்லதாக இருந்தாலும், அரிதான ஒரு கோளாறைத் தேடும்போது தவறாகப் பிடிபடுபவர்களே அதிகமாக இருப்பார்கள். இது கணக்கின் இயல்பு. மன விலகலுக்கு மட்டும் உரிய குறை இல்லை.

எண்ணை ஏற்றுபவையும் இறக்குபவையும்

‘எத்தனை சதவீத நேரம்’ என்ற கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். எதில் சதவீதம்? ஒரு நாளிலா, வாழ்நாளிலா, அந்தச் சூழ்நிலை அமையும் தடவைகளிலா? பேருந்துப் பயணம் பற்றிய கேள்விக்கு ஒருவர் ‘பத்துப் பயணத்தில் மூன்று முறை’ என்று எண்ணி 30 போடுவார். இன்னொருவர் ‘நாள் முழுக்கப் பார்த்தால் எப்போதோ ஒருமுறை’ என்று 0 போடுவார். இருவரின் அனுபவமும் ஒன்றாகவே இருக்கலாம். சதவீதக் கணக்கில் பழக்கம் இல்லாதவர்கள் ‘எவ்வளவு தொந்தரவாக இருக்கிறது’ என்ற அளவில் எண்ணைத் தேர்ந்தெடுப்பதும் நடக்கிறது.

தூக்கம் கெட்ட வாரத்தில் எழுதினால் எண் ஏறும். பதற்றமும் மனச்சோர்வும் கவனத்தைச் சிதறடிப்பதால் ‘பேசியது காதில் விழவில்லை’ போன்ற கேள்விகளுக்கு உயர்ந்த பதில் வரும். கவனக் குறைவுக் கோளாறான ஏடிஎச்டி உள்ளவர்களுக்கும் அப்படியே. பீதித் தாக்குதலின்போது வரும் டிரியலைசேஷன், பீதியின் ஒரு பகுதிதான். பீதிக்குச் சிகிச்சை எடுத்தால் அதுவும் சேர்ந்து குறையலாம். மூளையின் பக்கவாட்டு மடலில் எழும் வலிப்புகளும், சில ஒற்றைத் தலைவலிகளும், தலையில் பட்ட அடியும் மன விலகலைப் போலவே தோன்றும் அனுபவங்களைத் தரும். தாளுக்கு இவை எதுவும் தெரியாது.

நம்பிக்கை சார்ந்த அனுபவங்களும் உண்டு. வழிபாட்டில் தன்னை மறப்பது, சாமி வந்து ஆடுவது போன்றவை ஒரு சமூகத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கமாக இருந்து, அந்த நேரத்தோடு முடிந்துவிட்டால் அதை நோய் என்று மருத்துவ நூல்கள் எடுத்துக்கொள்வதில்லை. எங்கேயோ உருவான ஒரு தாளின் கேள்வி இந்த வேறுபாட்டைக் கேட்காது.

அப்புறம், மன விலகலைப் பற்றி வாரக்கணக்காகப் படித்து, காணொளி பார்த்த பிறகு எழுதுவது. முன்பு கண்டுகொள்ளாமல் விட்ட ஒவ்வொரு சின்ன மறதியும் இப்போது கண்ணில் படும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. கவனம் எங்கே போகிறதோ அங்கே அனுபவம் பெரிதாகத் தெரிகிறது. டிபர்சனலைசேஷனில் இது இன்னும் கூர்மை. ‘இப்போது உலகம் மெய்யாக இருக்கிறதா?’ என்று நிமிடத்துக்கொரு முறை சோதித்துப் பார்ப்பதே அந்த உணர்வைக் கெட்டிப்படுத்தும். அதனால் சோதனையைத் தினமும் திரும்ப எழுதிப் பார்ப்பவர்களிடம் மனமார ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: ஒருமுறை எழுதியது போதும்.

குறைந்த எண் வந்தால்?

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. சுயசோதனை என்பது நமக்குத் தெரிந்ததை நாமே சொல்வது. நினைவு இடைவெளி உள்ளவருக்கு அந்த இடைவெளி இருப்பதே தெரியாமல் இருக்கலாம். மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை நடந்தது நினைவில் இல்லை என்றால், ‘நினைவில் இல்லை’ என்பதை உணரவே ஏதாவது ஒரு தடயம் வேண்டும்: அனுப்பியதாகத் தெரியாத செய்தி, முடிந்துபோன வேலை, கூட இருந்தவர் சொல்லும் ஒரு பேச்சு. தடயம் கிடைக்காதவர் நேர்மையாகவே 0 போடுவார். சிறுவயதிலிருந்து இப்படியே வாழ்ந்தவர், எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணி அதைச் சொல்லாமல் விடுவார். வெட்கமும் பயமும் சேர்ந்துகொண்டால் சொல்லவே வேண்டாம்.

அதனால் மருத்துவர்கள் வெளியிலிருந்து வரும் தகவலுக்கு மதிப்புக் கொடுக்கிறார்கள். “நேற்று நீ இப்படிப் பேசினாயே” என்று வீட்டில் இருப்பவர் சொன்னது உங்களுக்குச் சுத்தமாக நினைவில்லை, இது திரும்பத் திரும்ப நடக்கிறது என்றால், தாள் 8 என்று காட்டினாலும் மருத்துவரைப் பார்க்க அது போதுமான காரணம்.

மருத்துவரிடம் என்ன நடக்கும்?

முதலில் உடல் காரணங்களை விலக்கிப் பார்ப்பார்கள். என்ன மருந்து எடுக்கிறீர்கள், தூக்கம் எப்படி, மது, போதைப்பொருள், தலையில் அடி, வலிப்பு என்று கேட்பார்கள். தேவைப்பட்டால் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி எடுப்பார்கள். அதன் பிறகு நேர்காணல். மன விலகலுக்கென்றே மார்லின் ஸ்டைன்பெர்க் உருவாக்கிய எஸ்சிஐடி டி என்ற நேர்காணல் முறை இருக்கிறது. நினைவிழப்பு, டிபர்சனலைசேஷன், டிரியலைசேஷன், அடையாளக் குழப்பம், அடையாள மாற்றம் என்ற ஐந்தையும் அது தனித்தனியே தோண்டிக் கேட்கும். ‘ஆம்’ என்றால் அத்தோடு விடாது. எப்போது, எப்படி, உதாரணம் சொல்லுங்கள், அப்போது என்ன செய்தீர்கள், அதனால் வேலை கெட்டதா என்று போகும். தாளில் 70 போட்ட கேள்வி இங்கே வந்ததும் ‘ஓ, அது எல்லோருக்கும் நடப்பதுதான்’ என்று கரைந்துபோகலாம். 10 போட்ட ஒன்று ஒரு மணி நேரப் பேச்சாக விரியலாம்.

போகும்போது மதிப்பெண்ணை மட்டும் சொல்லாமல், நிரப்பிய தாளையே எடுத்துப் போங்கள். உயர்ந்த எண் போட்ட கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உண்மையில் நடந்த ஓர் உதாரணத்தை எழுதுங்கள்: எப்போது, எவ்வளவு நேரம், அதற்கு முன் தூங்கினீர்களா, பதற்றம் இருந்ததா, யாராவது கவனித்தார்களா. உதாரணம் எதுவும் நினைவுக்கு வராவிட்டால் அதையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். மன விலகலில் அனுபவமுள்ள மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் பொதுவான மனநல மருத்துவரிடமிருந்து தொடங்கலாம்; தூக்கம், பீதி, மனச்சோர்வு ஆகியவற்றைச் சரிசெய்வது எப்படியும் முதல் படிதான்.

சில நிலைகளில் சோதனை, மதிப்பெண் என்று எதற்கும் காத்திருக்கக் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டது பிறகுதான் தெரியவந்தாலோ, வண்டி ஓட்டும்போதும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும்போதும் நினைவு அறுபட்டாலோ உடனே உதவி தேட வேண்டும். திடீரென முதல்முறையாக நினைவு தப்பியிருந்தாலும், கூடவே கைகால் வெட்டியிழுத்தல், பேச்சுக் குழறல், கடும் தலைவலி இருந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே முதலில் பார்க்கப்படுவது மூளையும் இரத்தத்தின் சர்க்கரை அளவும்தான். மன விலகல் பற்றிய கேள்விகள் அதற்குப் பிறகுதான் வரும்.